கண்ணாடியில் நான்கு கோடு

இவாலோவுக்கு வடக்கே
எண்பது கிலோமீட்டர் பனி என்னுடையது.
தள்ளிக்கொண்டே போவேன்.
திரும்பி வருவதற்குள் மறுபடி பெய்திருக்கும்.
வேலைக்குப் பஞ்சமில்லை.

டிசம்பரில் இங்கே சூரியன் எழுவதில்லை.
நண்பகலில் தெற்கு கொஞ்சம் வெளுக்கும்,
உடனே கடையைக் கட்டிவிடும்.
எது இரவு என்று உடம்புக்கு யார் சொல்வது?
அந்த வருடம் மாத்திரை சொன்னது.

வெள்ளை, வட்டம், நடுவில் ஒரு கீறல்.
ஒன்றில் நூறு மில்லிகிராம் காஃபீன்.
பெட்டியில் எல்லாம் எழுதியிருந்தார்கள்,
எறும்பு எழுத்தில்.
நான் ஓட்டுநர். பலகைகளை மட்டுமே படிப்பவன்.

இரண்டு மணிக்கு ஒன்று.
கால் மணி நேரம் கண் அப்படியே சொக்கியது.
அது வயிற்றில் கரைந்து ரத்தம் ஏற
அரைமணி, முக்கால் மணி ஆகும்;
எனக்கா பொறுமை?
துணைக்கு இன்னொன்றை அனுப்பினேன்.
அதற்குத் துணையாக இரண்டு.
நடுவே பிளாஸ்கில் மூன்று குவளை காபி.
எங்கள் ஊரில் காபியை
யாரும் கணக்கில் சேர்ப்பதில்லை,
அது தண்ணீரின் கறுப்புப் பெயர்.
பெட்ரோல் நிலையத்தில் ஒரு டப்பா பானம் வேறு,
காளையோ மின்னலோ வரைந்தது.

மூன்றரைக்கு
விலா எலும்புக்குள் பனிமுயல் ஒன்று
வழி தேட ஆரம்பித்தது.
கை உதறியதில் கலப்பை விலகி
பேருந்து நிறுத்தக் கம்பம் சாய்ந்தது.
(இன்னும் சாய்ந்தே நிற்கிறது.)

நூற்றுப் பன்னிரண்டில் ஒரு பெண்குரல்:
எத்தனை மாத்திரை?
"இரண்டு."
அவள் பேசாமல் இருந்தாள்.
"நான்கு."
காபி?
சாட்சிக் கூண்டில் நிற்பவன் மாதிரி
குவளை குவளையாக ஒப்புக்கொண்டேன்.

ஆம்புலன்ஸ் வர ஐம்பது நிமிடம்.
நான் தள்ளாமல் விட்ட பனியில்தான்
என்னைத் தேடி ஊர்ந்து வந்தார்கள்.
ஹெய்மோ என் மார்பில் வயர்களை ஒட்டி
காகிதச் சுருளைப் பார்த்தபடியே
கையுறையின் மேல் பேனாவால் கூட்டினான்:
எழுநூற்றெண்பது.
"நாள் முழுவதற்குமே நானூறுதான், மார்ட்டி,
அதுவும் நல்ல இதயத்துக்கு."
அடுத்து எதுவும் சொல்லவில்லை.
ரோவனியேமி வரை முயல் ஓடிக்கொண்டிருந்தது.

இப்போது ஷிஃப்ட் தொடங்கும்போது
முன்கண்ணாடியின் உள்பக்கம்
மெழுகுப் பென்சிலால் நான்கு கோடு.
மாத்திரைக்கு ஒன்று அழியும்.
பெரிய குவளைக்கும் ஒன்று அழியும்,
அதில்தான் மனம் கொஞ்சம் வலிக்கிறது.
முதலில் கீறலில் உடைத்துப் பாதி.
விழுங்கியதும் வண்டியை ஓரங்கட்டி
இருபது நிமிடம் தூக்கம்:
அது விழிக்கும் நேரத்தில் நானும் விழிப்பேன்.
ஒரு மணிக்குப் பிறகு கிடையாது.
ஐந்து மணி நேரம் கழித்தும்
பாதி உள்ளே உட்கார்ந்திருக்கும் விருந்தாளி அது,
காலைத் தூக்கத்தில் நாற்காலி கேட்கும்.

சளிக்கு வேறு மருந்து எழுதிக் கொடுத்த வாரம்
மருந்துக்கடை ரௌனி
என் பெட்டியை வாங்கி இழுப்பறையில் வைத்துப் பூட்டினாள்.
இரண்டும் சேர்ந்தால்
உடம்பு காஃபீனை வெளியே விடாதாம்.
பகல் ஷிஃப்ட் மைலாவுக்கு இது ஐந்தாம் மாதம்;
அவள் கணக்கு வேறு, கோடுகள் பாதி,
மாத்திரையை அவள் தொடுவதே இல்லை.

போன வியாழன்
கோடு நான்கும் அழியாமல் இருந்தன.
சாலையில் ஒரு கலைமான் இரண்டு முறை கடந்தது.
ஒன்றுதான் நிஜம்.
கை பெட்டிக்குப் போனது,
தூரத்தில் நின்ற கம்பத்தைப் பார்த்தது,
ரேடியோவை எடுத்தது.

"தூங்கப் போகிறேன்."
"பனி?"
"இருக்கும்."

எஞ்சினை அணைத்தேன்.
கண்ணாடி மேல் பெய்து பெய்து
சாலை மறைந்தது, மான் மறைந்தது.
விழித்துத் துடைப்பானைப் போட்டபோது
எல்லாம் வழித்துக்கொண்டு போயிற்று,
கோடுகள் போகவில்லை.
அவை உள்பக்கம்.